புணர்ச்சி விதி எதற்கு என்று கேட்டவர்களுக்கு



இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து படிக்கவும்.

32 ஆண்டுகள் தமிழ் நடத்தினேன். ஒவ்வோர் ஆண்டும் புணர்ச்சி விதி தொடங்கும் வாரத்தில் கடைசி வரிசையிலிருந்து யாராவது ஒருவர் எழுந்து கேட்பீர்கள். "ஐயா, கடலும் கரையும் சேர்ந்தா கடற்கரைன்னு எங்களுக்கே தெரியும். அதுக்கு எதுக்கு ஒரு விதி?" அப்போது நான் சொன்ன பதில் சிலருக்கு நினைவிருக்கலாம். உடம்புக்குள் எலும்பு இருப்பது தெரியாமலே ஒருவன் ஓடி ஆடலாம். ஒரு நாள் அடிபட்டால்தான் எந்த எலும்பு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டிவரும் என்பேன். நீங்கள் தலையாட்டுவீர்கள். நம்பியது போல் தெரியாது.

இப்போது அதைவிட நல்ல பதில் ஒன்று கிடைத்திருக்கிறது. கைப்பேசியிலோ கணினியிலோ தமிழில் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமானால் அந்த விதி வேண்டும். விதியை மறந்தவருக்குத் தேடுபெட்டி "முடிவுகள் எதுவும் இல்லை" என்று காட்டும். அதை நம்பி அவரும் "இல்லை" என்று எழுதிவிடுவார். "இல்லை" என்பது மூன்றே எழுத்து. ஆனால் அதைச் சொல்லும் உரிமை சுலபத்தில் வருவதில்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

எழுதத் தூண்டியவள் நம் பள்ளி மாணவி ஒருத்தி. இன்று ஒரு கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். அவள் அனுமதியோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். பழந்தமிழ் இலக்கியத்தில் பாசன நீர்நிலைகள் என்பது அவள் எடுத்துக்கொண்ட பொருள். வீடே கண்மாய்ப் பாசனத்தை நம்பிய வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு வந்தாள். ஓர் அட்டவணை காட்டினாள். இடப்பக்கம் சொற்கள், வலப்பக்கம் சங்க நூல்களில் அவை வரும் எண்ணிக்கை. கண்மாய் என்ற சொல்லுக்கு நேரே சுழியம். அணைக்கட்டு, சுழியம். ஊரணி, சுழியம். அட்டவணைக்குக் கீழே ஒரு வாக்கியம்: பாண்டிய நாட்டில் நீரைத் தேக்கிப் பாசனம் செய்ததற்குச் சங்க இலக்கியத்தில் போதிய சான்று இல்லை.

"இதை நீயாவே நம்புறியாம்மா?" என்றேன்.

"நம்ப முடியலதான் ஐயா. ஆனா தேடிப் பாத்துட்டேன். வரலையே." அடுத்த மாதம் அந்த இயலைச் சமர்ப்பிக்க வேண்டும்.

அந்த வாக்கியம் அப்படியே அச்சாகியிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். நாளை வேறொருவர் அதை மேற்கோள் காட்டுவார். அவரை இன்னொருவர் காட்டுவார். பத்து ஆண்டில் அது எல்லோருக்கும் தெரிந்த உண்மையாகிவிடும். கண்மாய் வெட்டிப் பிழைத்த நாட்டில், கண்மாய்த் தண்ணீரில் விளைந்த சோற்றைத் தின்று வளர்ந்த பிள்ளையின் கையாலேயே அந்தப் பழமை அழிந்திருக்கும்.

புறநானூற்றின் 18-ஆம் பாட்டைத் திறக்கச் சொன்னேன். குடபுலவியனார் என்ற புலவர் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொன்னது. உனக்கு மறுமை வேண்டுமா, வெற்றி வேண்டுமா, புகழ் வேண்டுமா, எது வேண்டுமானாலும் பள்ளமான இடம் பார்த்து நீரைத் தேக்கு என்பது அவர் அறிவுரை. வானத்தைப் பார்த்துக் கிடக்கும் புன்செய் எவ்வளவு அகலமாக இருந்தாலும் அரசனுக்கு உதவாது என்றும் சொல்கிறார். பாசன நீர்த்தேக்கம் பற்றி அரசனிடமே நேராகப் பேசும் பாட்டு இதைவிட வேறென்ன வேண்டும்? அதுவும் பாண்டிய அரசன். ஆனால் அந்தப் பாட்டில் கண்மாய் இல்லை, ஏரி இல்லை, குளமும் இல்லை. அவள் அட்டவணையில் இருந்த எந்தச் சொல்லைத் தட்டினாலும் அந்தப் பாட்டு வராது. அவள் அதைப் பட்டப்படிப்பில் படித்தவள்தான். பெட்டி காட்டாததால் மறந்துபோயிருந்தாள்.

அன்றும் அடுத்த ஞாயிறும் உட்கார்ந்து இருவரும் மீண்டும் தேடினோம். அப்போது அவளுக்குச் சொன்னவற்றை உங்களுக்கும் வரிசையாகச் சொல்கிறேன். ஆய்வு செய்பவர்களுக்கு மட்டுமல்ல, தாத்தா பெயரை ஒரு பழைய ஆவணத்தில் தேடுகிறவருக்கும் இது உதவும்.

1. பெட்டி சொல்லைத் தேடுவதில்லை, எழுத்தைத் தேடுகிறது

ஒரு பக்கத்துக்குள் தேடும் எளிய பெட்டிக்குத் தமிழ் தெரியாது. நீங்கள் கொடுத்த எழுத்து வரிசை அப்படியே எங்கே இருக்கிறது என்றுதான் அது பார்க்கும். "கடல்" என்று தட்டினால் கடைசியில் ஒரு புள்ளி இருக்கிறது. "கடலில்", "கடலுக்கு" என்ற சொற்களில் லகரத்தின் மேல் அந்தப் புள்ளி இல்லை. அதனால் அவை சிக்காது. "கடற்கரை"யில் லகரமே இல்லை, றகரமாகிவிட்டது. ஆங்கிலத்தில் சொல்லின் கடைசியில் ஒட்டு சேரும், பெரும்பாலும் சொல் உடையாது. தமிழில் சொல்லே உருமாறும். ஆங்கிலத்தை நினைத்துச் செய்த பெட்டியில் தமிழைத் தேடும்போது பாதி வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

இங்கேதான் ஒன்பதாம் வகுப்பு வருகிறது. மரம் என்று தேடுகிறவர் "மரம்", "மரத்", "மரங்" என்று மூன்று முறை தேட வேண்டும். முதலாவதில் மரம், இரண்டாவதில் மரத்தில், மரத்தை, மூன்றாவதில் மரங்கள். வீடு என்றால் "வீடு", "வீட்". ஆறு என்றால் "ஆறு", "ஆற்". குளம் என்றால் "குளம்", "குளத்", "குளங்". நிலைமொழி ஈற்றில் லகரம் இருந்தால் வல்லினம் வரும்போது றகரமாகும், மெல்லினம் வரும்போது னகரமாகும் என்று படித்தோமே, அதன்படி கல் என்பதற்குக் "கல்", "கற்", "கன்" என்று மூன்று தேடல்.

அப்படித் தேடியபோதுதான் "கற்சிறை" வந்தது. கல்லும் சிறையும் சேர்ந்த சொல். வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தும் கல் அணை என்று பொருள். தொல்காப்பியப் புறத்திணையியலில் இருக்கிறது, மதுரைக்காஞ்சியிலும் இருக்கிறது. இரண்டு இடத்திலும் உவமையாக வருகிறது. பாய்ந்து வரும் பகைவரைத் தனி ஆளாகத் தாங்கும் வீரன், பெருகி வரும் புனலைத் தாங்கும் கற்சிறையைப் போல் நின்றான் என்பது கருத்து. இதில் ஒன்றைக் கவனியுங்கள். கேட்பவர் கண்ணால் பார்த்திராத பொருளை எந்தப் புலவரும் உவமையாகச் சொல்லமாட்டார். கல்லணை போட்டு நீரை மறிப்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த காட்சி என்பதற்கு அந்த உவமையே சான்று. "அணைக்கட்டு" என்று தேடியவளுக்குச் சுழியம் வந்தது. லகரம் றகரமாகும் என்ற ஒரு விதி நினைவுக்கு வந்ததும் சான்று கையில் இருக்கிறது.

"இதுக்குத்தான் ஐயா அன்னைக்கே சொன்னீங்களா?" என்றாள். அன்றைக்கு யாருக்குத் தெரியும் கணினி வரும் என்று!

2. ஒட்டி நிற்கும் சொல்லை மறவாதீர்கள்

சில கருவிகள் சொல்லின் தொடக்கத்தை மட்டும் பார்க்கும். பாரியின் பறம்பு நாட்டில் குளம் உடைவதைப் பற்றிக் கபிலர் பாடிய பாட்டு புறநானூற்றில் 118-ஆவது. பறம்பு என்பது நம்மூரிலிருந்து பேருந்தில் போகும் தூரத்தில் இருக்கும் பிரான்மலைதான் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்தக் குளம் அங்கே தனியாக நிற்கவில்லை, "சிறுகுளம்" என்று அடையோடு சேர்ந்து நிற்கிறது. சொல்லின் தொடக்கத்தை மட்டும் பார்க்கும் கருவியில் "குளம்" என்று தட்டினால் அது வராது.

பதிப்பைப் பொறுத்தும் இது மாறும். உரையாசிரியர் காலத்து முறைப்படி சந்தி சேர்த்து அச்சிட்ட நூலும் உண்டு, பிரித்து அச்சிட்ட நூலும் உண்டு. 1950-களில் மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட மலிவுப் பதிப்புகள் எல்லோரும் படிக்க வேண்டும் என்பதற்காகச் சந்தி பிரித்து வந்தவை. நீங்கள் தேடும் மின்னூல் எந்த வகை என்று முதலில் நான்கு வரி படித்துப் பாருங்கள். சந்தி சேர்ந்த நூலில் முழுச்சொல்லைத் தேடுவதைவிட, சொல்லின் நடுவில் உள்ள மாறாத இரண்டு மூன்று எழுத்தைத் தேடுவது நல்லது.

3. அன்றைக்கு அதன் பெயர் என்ன?

கண்மாய் என்ற வடிவம் சங்க நூல்களில் கிடையாது. அதனால் கண்மாயே கிடையாது என்று ஆகிவிடுமா? பொருளுக்கு அன்று வேறு பெயர். குளம், கயம், பொய்கை, இலஞ்சி, கேணி, சிறை என்று ஒரு வரிசையே இருக்கிறது. தேடத் தொடங்குமுன் ஒரு தாளில் அந்தப் பொருளுக்கு உள்ள எல்லாப் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். நிகண்டு எதற்கு என்று கேட்டவர்களுக்கும் இதுவே பதில்.

நம் ஊர்ப் பேச்சுக்கும் ஏட்டுக்கும் உள்ள வேறுபாட்டையும் எழுதிக்கொள்ளுங்கள். நாம் ஊரணி என்கிறோம். திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரத்தில் அது ஊருணி. ஒரே ஒரு உகரம். "ஊரணி" என்று தேடுகிறவருக்குத் திருவள்ளுவர் கதவைத் திறக்கமாட்டார். கண்மாய், கம்மாய், கம்மா; கலுங்கு, கலிங்கு. எந்த எழுத்தில் எழுதியிருப்பார்களோ அந்த எழுத்தில் தேட வேண்டும்.

பெரிய உதாரணம் மதுரையே. சங்க இலக்கியத்தில் மதுரையைப் பற்றிய செய்திகளைத் திரட்ட "மதுரை" என்று மட்டும் தேடினால் பாதிக்கு மேல் தவறிப்போகும். புலவர்கள் அந்த நகரைக் கூடல் என்றும் நான்மாடக்கூடல் என்றும் பாடினார்கள். கல்வெட்டுக்குப் போனால் அங்கே வேறு கதை. அழகர்மலைக் குகையில் உள்ள தமிழிக் கல்வெட்டில் ஊர்ப்பெயர் "மதிரை". முதலாம் பராந்தக சோழன் பாண்டியரை வென்று சூட்டிக்கொண்ட பட்டம் "மதிரை கொண்ட கோப்பரகேசரி". மாங்குளம் கல்வெட்டில் பாண்டியன் பெயர் "நெடுஞ்சழியன்" என்று வெட்டப்பட்டிருக்கிறது. ஒரு கொம்பு இல்லை, அவ்வளவுதான். நாம் பள்ளிக்கூடத்தில் படித்தபடி நெடுஞ்செழியன் என்று தட்டினால், மேலூர்ப் பக்கத்து மலையில் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக இருக்கும் பெயர் நமக்குக் கிடைக்காது.

4. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு

இது கொஞ்சம் நுட்பமானது. நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். கொட்டாம்பட்டியின் முதல் எழுத்தான "கொ" கணினிக்குள் இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம். ககரமும் ஒகரக் குறி ஒன்றும் என்பது ஒரு விதம். ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்றாகச் சேர்ப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நல்ல கருவிகள் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும். எளிய பெட்டிகள் சில அப்படிச் செய்வதில்லை. ஊர்ப்பெயர் வரவில்லை என்றால் முதல் எழுத்தை விட்டுவிட்டு "ட்டாம்பட்டி" என்று தேடிப் பாருங்கள். சிக்கல் எழுத்தை ஒதுக்கிவிட்டு மீதியைத் தேடுவது எல்லாச் சொல்லுக்கும் பொருந்தும் உபாயம்.

ஒளகாரத்திலும் இதே தொல்லை. மௌனம் என்பதை ஒற்றைக் கொம்பும் ளகரமும் போட்டு "மெளனம்" என்று தட்டியவர்கள் ஏராளம். கௌரவம், பௌர்ணமி எல்லாம் அப்படியே. இரண்டு விதமாகவும் தேடுங்கள். தமிழ் எண்ணும் ஏமாற்றும். ஒன்றைக் குறிக்கும் ௧ ககரம் போலவே இருக்கும், ஏழைக் குறிக்கும் ௭ எகரம் போலவே இருக்கும். கணினிக்கு அவை வேறு வேறு.

பழைய புத்தகங்களை ஒளிப்படமாக வைத்திருக்கும் தளங்களில் எச்சரிக்கை இன்னும் வேண்டும். படத்தில் உள்ள எழுத்தைக் கணினியே படித்து மாற்றியிருந்தால் ணகர, னகரம் மாறியிருக்கும். காலும் ரகரமும் மாறியிருக்கும். 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்குமுன் அச்சான நூல்களில் லை, ளை, னை, ணை எழுத்துகளுக்குத் தும்பிக்கை வைத்த பழைய வடிவம் இருக்கும். அந்த இடங்களில் கணினி அடிக்கடி தடுமாறும். அதனால் அப்படிப்பட்ட எழுத்து இல்லாத சொல்லாகத் தேர்ந்து தேடுங்கள்.

இன்னொரு வகை, ஒருங்குறி வருமுன் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு. திரையில் அழகான தமிழ் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸப்பில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். தமிழாக வந்தால் தேடலாம். புரியாத எழுத்துக் குப்பையாக வந்தால் அந்தக் கோப்பில் வரும் சுழியத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை.

5. கிடைத்ததெல்லாம் நாம் தேடியதல்ல

கிடைக்காதது ஒரு குறை என்றால் அதிகம் கிடைப்பது இன்னொரு குறை. "குள" என்று சுருக்கித் தேடினால் குளத்தோடு குளிரும் குளவியும் வந்து நிற்கும். "குளம்" என்று முழுதாகத் தட்டினாலும் குதிரையின் குளம்பு வரும். "கூடல்" என்று தேடினால் ஊரும் வரும், காதலர் கூடுவதும் வரும். அவள் முதலில் குளத்துக்குப் போட்டிருந்த எண்ணிக்கையில் குளம்படிகள் கலந்திருந்தன! எண்ணிக்கையை அட்டவணையில் எழுதுமுன் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துத் தள்ள வேண்டும்.

எங்கே கிடைத்தது என்பதும் முக்கியம். திருக்குறளில் "கடவுள்" என்று தேடினால் கிடைக்கும். ஆனால் அது கடவுள் வாழ்த்து என்ற அதிகாரத் தலைப்பில். 1330 குறட்பாக்களுக்குள் அந்தச் சொல் இல்லை. தலைப்பு, உரை, பதிப்பாசிரியர் குறிப்பு எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தால் பெட்டி வேறுபாடு பார்க்காது. நாம்தான் பார்க்க வேண்டும்.

இதிலிருந்தே இன்னொன்றும் தெரிகிறது. உண்மையான "இல்லை"யும் உண்டு. திருக்குறளில் "தமிழ்" என்ற சொல் இல்லை என்று அறிஞர்கள் சொல்வது முழு நூலையும் படித்துச் சொன்னது. அப்படிச் சொல்லும்போது யாரும் மறுக்க முடியாது.

6. கூகுளும் செயற்கை நுண்ணறிவும்

கூகுள் அந்த எளிய பெட்டியைப் போன்றதல்ல. அது ஊகிக்கும். நீங்கள் தட்டியதைத் திருத்தி, பலர் தேடும் வேறொன்றைக் கொண்டுவரும். கொடுத்த சொல்லே வேண்டுமானால் இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். பல பொருள் உள்ள சொல்லுக்குத் துணைச்சொல் ஒன்று கொடுங்கள். கூடல் என்று தனியே கேட்பதைவிடக் கூடல், வையை என்று சேர்த்துக் கேட்டால் ஊர் வரும். ஊர்ப்பெயரைத் தமிழ் எழுத்தில் தேடுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கோட்டாம்பட்டி இருக்கிறது. ஆங்கில எழுத்தில் போட்டால் அந்த ஊரும் நம்மூரும் ஒன்று.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்கிறோம் ஐயா என்று சிலர் சொல்கிறீர்கள். கேளுங்கள். குளத்துக்குப் பழைய பெயர்கள் என்னென்ன என்று கேட்டால் பட்டியல் தரும், அது தேடலுக்கு உதவும். ஆனால் எந்த நூல், எத்தனையாவது பாட்டு என்று அது சொல்வதை நூலைத் திறந்து பார்க்காமல் எழுதாதீர்கள். இல்லாத பாட்டுக்கும் அது எண் கொடுத்துவிடும். விக்கிமூலம் போன்ற இடங்களில் பழைய நூலின் பக்கப் படமும் தட்டச்சு செய்த வரியும் அருகருகே இருக்கும். ஒரு நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம்.

7. வீட்டுக்குள்ளும் இதே விதிதான்

சிங்கப்பூரில் இருக்கும் என் மருமகன் ஒரு நாள் அழைத்தான். "மாமா, மேலூர்ச் சித்தப்பா நம்பர் என் போன்லயே இல்ல, அனுப்புங்க." ஆங்கில எழுத்தில் தேடியிருக்கிறான். அவன் அக்கா தமிழில் பதிந்து கொடுத்திருக்கிறாள். எண் உள்ளேயேதான் இருந்தது. வாட்ஸப்பில் பழைய செய்தியைத் தேடும்போதும் இதே கதை. "கல்யாணம்" என்று தேடுவீர்கள்; அனுப்பியவர் "திருமணம்" என்று போட்டிருப்பார், அல்லது "கல்யாணத்துக்கு" என்று எழுதியிருப்பார். "கல்யாண" என்று கடைசி எழுத்தை விட்டுத் தேடுங்கள். நீங்கள் எப்படி எழுதுவீர்கள் என்று யோசிக்காமல், எழுதினவர் எப்படி எழுதியிருப்பார் என்று யோசியுங்கள். தேடுவதில் முக்கால் பங்கு இதுதான்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டதால் இந்தக் கருவிகள் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். உ.வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்த காலத்தில் ஒரு சொல் எங்கே வருகிறது என்று பார்க்க ஏடு ஏடாகப் புரட்ட வேண்டும். சங்க நூல்களுக்குச் சொல்லடைவு தயாரிக்கப் பாண்டிச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எவ்வளவோ உழைத்து, 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து ஒரு காசு வாங்காமல் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். பிறகு தமிழ் இணையக் கல்விக்கழகமும் நூலகம் திறந்தது. இன்றைக்கு ஆடு மேய்க்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு மதுரைக்காஞ்சியைத் திறக்கலாம். என் காலத்தில் அந்த நூலைப் பார்க்க நான் மதுரைக்குப் பேருந்து ஏற வேண்டியிருந்தது.

அந்த மாணவியின் இயல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சமர்ப்பிக்கும் நாளைத் தள்ளிப்போடச் சொல்லி நெறியாளரிடம் ஒரு மாதம் கேட்டு வாங்கினாள். அட்டவணையில் இப்போது மூன்று பத்தி. பொருள், அதற்கு அன்று இருந்த பெயர்கள், ஒவ்வொரு பெயரும் புணர்ச்சியில் எடுக்கும் வடிவங்கள். எந்தப் பதிப்பில், எந்தெந்த வடிவங்களைத் தேடினோம் என்று அடியில் எழுதியிருக்கிறாள். "போதிய சான்று இல்லை" என்ற வாக்கியம் போய்விட்டது. அந்த இடத்தில் குடபுலவியனாரும் கபிலரும் கற்சிறையும் வந்திருக்கிறார்கள். இன்னும் சில சொற்களுக்குச் சுழியம்தான். அவற்றுக்கு நேரே "இவ்வடிவங்களில் கிடைக்கவில்லை" என்று எழுதியிருக்கிறாள். அதைப் படித்தபோது மனம் நிறைந்தது. கிடைக்கவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு. அந்த வேறுபாடு தெரிந்த பிள்ளை நல்ல ஆராய்ச்சியாளர் ஆவாள்.

கடைசியாக உங்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். யாராவது தட்டச்சு செய்து வைத்தால்தான் எந்தக் கருவியும் எதையும் கண்டுபிடிக்கும். புறநானூற்றை யாரோ தட்டச்சு செய்தார்கள், கிடைக்கிறது. உங்கள் ஊர்க் கண்மாயின் பெயரை, அதன் மடைகளின் பெயரை, எந்த மடைத் தண்ணீர் எந்த வயலுக்குப் போகும் என்பதை யார் தட்டச்சு செய்திருக்கிறார்கள்? அதெல்லாம் இன்னும் அப்பாக்களின் வாயிலும், நீர்பாய்ச்சிகளாக இருந்த பெரியவர்களின் நினைவிலும்தான் இருக்கிறது. ஐம்பது ஆண்டு கழித்து ஒரு பேத்தி நம் பக்கத்துக் கண்மாய்களைப் பற்றித் தேடினால், பெட்டி சுழியம் காட்டும். அன்று அந்தச் சுழியம் பொய்யாக இருக்காது, மெய்யாகவே இருக்கும்.

ஆகவே இந்தப் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது பெரியவர்கள் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். கண்மாய், ஊருணி, மடை, கலுங்கு, வாய்க்கால், ஒவ்வொன்றுக்கும் பெயர் கேளுங்கள். அவர்கள் சொல்லும் வடிவத்திலேயே எழுதுங்கள், பக்கத்தில் ஏட்டு வடிவத்தையும் எழுதுங்கள். ஊரின் பெயரையும் நாளையும் போட்டுத் தமிழ் எழுத்தில் தட்டச்சு செய்து எனக்கு அனுப்புங்கள். எழுத்துப் பிழை இருந்தால் நான் திருத்திக்கொள்கிறேன். அந்த வேலை எனக்குப் பழகியதுதானே.

அன்புடன்,
உங்கள் தமிழய்யா
கொட்டாம்பட்டி